27 கட்டம்: ஓட ஆரம்பித்ததைப் பாதியில் விடாமல் முடிப்பது எப்படி?

மூன்று வருஷமாக ஜனவரி 1 அன்று நான் எடுத்த சபதம் ஒன்றேதான்: "இந்த வருஷம் உடம்பைக் குறைக்கணும்." மூன்று தடவையும் பொங்கலைத் தாண்டவில்லை. நாலாவது தடவை ஜனவரிக்குக் காத்திருக்காமல் புரட்டாசியிலேயே தொடங்கினேன். முடித்தும்விட்டேன். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கி.மீ. வரும், அதில் இரண்டு சுற்று, நடுவில் நிற்காமல். எப்படி என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. என்ன ஷூ, என்ன சாப்பாடு என்பதை எல்லாம் எழுதப்போவதில்லை.

1. எண்ணிப் பார்க்கிற மாதிரி இலக்கு வையுங்கள்

எடை நம் சொல்பேச்சு கேட்காது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியிருப்போம், ஒரு கல்யாணச் சாப்பாட்டில் முள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இன்று ஓடினேனா இல்லையா என்பதில் அந்தக் குழப்பம் கிடையாது. அதனால் எடையை மறந்துவிட்டு '5 கி.மீ. நிற்காமல் ஓடுவது' என்று மாற்றினேன். ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-ல் உருவாக்கிய 'கவுச் டு 5கே' திட்டத்தை எடுத்துக்கொண்டேன். 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி 8 தடவை. மொத்தம் 27 ஓட்டம். நட்சத்திரக் கணக்கு, மறக்காது.

2. காலண்டர் மாட்டுங்கள்

மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற மாதக் காலண்டர், ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா. ஓடி முடித்த நாளின் கட்டத்தில் ஒரு வட்டம். அவ்வளவுதான். செயலிகள் எனக்கு ஆகாது. 11 நாள் விடாமல் செய்துவிட்டு ஒரு நாள் தவறினால் '0' என்று காட்டும் பாருங்கள், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தே இரண்டு தடவை விட்டிருக்கிறேன். காலண்டரில் பழைய வட்டங்கள் அப்படியே இருக்கும். (ஸ்மார்ட் வாட்ச்சும் வாங்கினேன். இரண்டு வாரம் அதன் செட்டிங்ஸை மாற்றியதுதான் மிச்சம்.)

3. மணி குறிக்காதீர்கள்

"காலை 5.30-க்கு ஓடுவேன்" என்று எழுதினால் 5.40-க்கு எழுந்த அன்று "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று மனசு சொல்லிவிடும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் எளிய வழி இருக்கிறது: 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. என் வாக்கியம்: "பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்ததும் ஷூ மாட்டுவேன்." பால் என்றைக்காவது வராமல் இருக்குமா?

4. தவறும் நாளுக்கு இப்போதே எழுதி வையுங்கள்

நான் விழுந்தது இங்கேதான். நாலாவது வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, ஒரு ஓட்டம் போயிற்று. அடுத்தது அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள், போகாமல் முடியுமா? இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது நாள் மழையும் இல்லை, விசேஷமும் இல்லை. பாலை ஃப்ரிட்ஜில் வைத்தேன், ஷூவைப் பார்த்தேன், திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன். "எப்படியும் கெட்டுப்போச்சு" என்கிற நினைப்புதான். மழை இரண்டு ஓட்டத்தைக்கூடக் கெடுக்கவில்லை. இந்த நினைப்பு மொத்தத்தையும் கெடுக்கப் பார்த்தது.

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் பாதிக்கவில்லை. '21 நாளில் பழக்கம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நான் 22-ஆம் நாளே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் காலண்டருக்குக் கீழே எழுதி ஒட்டியது இது:

- மழை வந்தால்: படிக்கட்டில் 10 நிமிஷம் ஏறி இறங்குவேன். அதற்கு அரை வட்டம்.
- வெளியூர் என்றால்: ஷூ பைக்குள் முதலில் போகும், வேட்டி பிறகு.
- காய்ச்சல் என்றால்: ஓட்டம் இல்லை. குணமானதும் முந்தைய வாரத்திலிருந்து.
- தவறியதை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு ஓட்டம் கிடையவே கிடையாது.

கடைசி வரி அனுபவப் பாடம். ஈடுகட்டப் போய், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு நாலு நாள் விண்விண் என்று தெறித்தது.

5. ஐந்தாவது வாரம்

அந்த வாரம் மூன்றாவது ஓட்டம் 20 நிமிஷம், நடையே கிடையாது. முதல் தடவை 13-வது நிமிஷத்தில் நின்றேன். அந்த வாரத்தையே திரும்ப ஓடினேன், பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில். நடைப்பயிற்சிக்கு வந்த தாத்தா ஒருவர் என்னைத் தாண்டிப் போனார், போகட்டும். எனக்கு 27 கட்டம் 30 ஆகிவிட்டது. காலண்டரில் இடம் இருந்தது.

பின்சேர்க்கை: நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவர் "எனக்குக் காலை என்பதே தூங்கும் நேரம்" என்று கேட்டிருந்தார். நியாயம். சாயங்காலம் எழுந்து டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னேன். வாரத்துக்கு வாரம் டியூட்டி மாறினாலும் டீ மாறாது.

இன்னொன்று: தெருநாய் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். துரத்தினால் ஓடாதீர்கள், ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடந்து தாண்டுங்கள். எங்கள் தெரு முனை வரைக்கும் நான் இன்றும் நடைதான்.

மறுபடியும்: குரூப் 4 தேர்வுக்குப் படிக்க இது உதவுமா என்று ஒரு தம்பி கேட்டார். உதவும், ஆனால் கட்டத்தில் படித்த மணிநேரத்தை எழுதாதீர்கள் தம்பி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்ததும் அதில் சேர்ந்துவிடும். பழைய வினாத்தாள் ஒன்று, 200 கேள்வி, கடிகாரம் வைத்து 3 மணி நேரத்தில் முடித்தால் ஒரு வட்டம்.