உலக அரசியல் பேசும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியுறவுக் கொள்கையைச் சாதாரண மக்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காகவே நடக்கும் லாப நோக்கமற்ற அமைப்புகள் அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. நியூயார்க்கின் ஃபாரின் பாலிசி அசோசியேஷன் 1918-ல் தொடங்கியது. அதன் 'கிரேட் டிசிஷன்ஸ்' திட்டம் 1954-ல் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பிறந்தது. ஆண்டுக்கு எட்டுத் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னணிக் கட்டுரை. அதைப் படித்துவிட்டு நூலகத்திலோ யாராவது ஒருவர் வீட்டிலோ கூடிப் பேசுவார்கள், அவ்வளவுதான். எந்த ஊரிலும் செய்யக்கூடிய காரியம் இது. ஆனால் இதைக் கெடுப்பதும் எளிது.

முதல் தவறு, படிக்காமல் வருவது. கட்டுரையை யாரும் தொடவில்லை என்றால், முந்தின இரவு தொலைக்காட்சியில் கேட்டதைத்தான் ஆளுக்கு ஆள் திருப்பிச் சொல்வார்கள். குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார். இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு தவறு, நடத்துபவர் வாத்தியாராகிவிடுவது. அவர் நிபுணராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பேச வைப்பதுதான் அவருடைய வேலை. ஓய்வுபெற்ற தூதர் ஒருவரை அழைத்து ஐம்பது நிமிடம் பேசவிட்டு, கேள்விக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் கூட்டங்களும் இந்த ரகம்தான். பாதி நேரமாவது வந்தவர்களுக்குக் கொடுங்கள். கூட்டம் அவர்களுக்காகத்தானே?

லண்டனில் உள்ள உலக விவகார ஆய்வு அமைப்பான சாத்தம் ஹவுஸ் 1927-ல் வகுத்த விதியைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 'சாத்தம் ஹவுஸ் விதிப்படி கூட்டம்' என்று அறிவித்ததுமே, இங்கே கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கேட்ட தகவலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதை மட்டும் வெளியிடக் கூடாது. பதவியில் இருப்பவர் மனம்விட்டுப் பேசட்டும், அந்தத் தகவல் பத்துப் பேருக்குப் போகட்டும் என்பதுதான் நோக்கம். கல்வி தரவந்த அமைப்பே வாயைக் கட்டும் விதியாக அதை மாற்றினால் கூட்டம் கூடியதன் பயன் என்ன?

அப்புறம், வாக்கெடுப்பு. 'கிரேட் டிசிஷன்ஸ்' குழுக்கள் பேசி முடித்ததும் கருத்துச் சீட்டு நிரப்புவார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்த முடிவை 'மக்கள் கருத்து' என்று எழுதுவது தவறு. ஆர்வத்தோடு தேடி வந்து, படித்தும் பார்த்தவர்களின் கருத்து அது. சிகாகோ கவுன்சில் என்ற உலக விவகார அமைப்பு 1974 முதல் நடத்திவரும் கருத்துக்கணிப்பு நாடு முழுவதுமுள்ள மக்களைப் பிரதிபலிக்கும்படி ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பெயரை வைத்து அமைப்பை எடைபோடுவதும் ஏமாற்றும். அமெரிக்க நகரங்களில் உள்ள வேர்ல்டு அஃபேர்ஸ் கவுன்சில்களில் பொதுவாக யார் வேண்டுமானாலும் சேரலாம். வெளியுறவு ஆய்வு அமைப்பான கவுன்சில் ஆன் ஃபாரின் ரிலேஷன்ஸில் அப்படிச் சேர முடியாது, உறுப்பினர்கள் யாராவது முன்மொழிய வேண்டும். 1943-ல் அரசு சாராத அமைப்பாகத் தொடங்கிய டெல்லியின் இந்திய உலக விவகாரக் கவுன்சில், 2001-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அரசின் கீழ் நடக்கிறது. ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்று ஆண்டறிக்கையைப் பாருங்கள். வாஷிங்டனின் பெயர்பெற்ற ஆய்வு மையங்களுக்கு வெளிநாட்டு அரசுகள் பணம் தருவதை நியூயார்க் டைம்ஸ் 2014-ல் விரிவாக எழுதியது. பணம் வாங்கியதாலேயே எல்லாம் பொய் என்றாகிவிடாது. ஆனால் கேட்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நடுநிலை என்ற பெயரில் எதையும் சொல்லாமல் நழுவுவது. வரிவிலக்கு பெற்ற அமெரிக்க அறக்கட்டளைகள் ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, சரி. கொள்கையை விளக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உக்ரைன் போருக்கு நேட்டோ விரிவாக்கம் எவ்வளவு காரணம் என்பதில் அறிஞர்களே வேறுபடுகிறார்கள். அங்கே இரண்டு வாதங்களையும் முழுதாக வையுங்கள். 2022 பிப்ரவரியில் எல்லை தாண்டிப் படை அனுப்பியது ரஷ்யா என்பதில் அப்படி இரண்டு வாதங்கள் கிடையாது.