தூரத்து ரேடியோ கேட்க எந்தப் பெட்டி வாங்கலாம்? மலையகத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ரேடியோ வாங்க முடிவு செய்துவிட்டீர்களா? நல்லது. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு இரவை இதற்காக ஒதுக்குங்கள். பெட்டி எது என்பதைவிட நீங்கள் உட்காரப் போகும் இடம் எது என்பதுதான் இங்கே பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது, அதைப் பார்க்காமல் வாங்கினால் நல்ல ரேடியோவும் வெறும் இரைச்சலைத்தான் தரும்.

முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள்

மத்திய அலை, அதாவது ஏ.எம். உள்ள ஏதாவது ஒரு சின்ன ரேடியோவை இரவல் வாங்குங்கள். பெட்டரியில் ஓட வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திச் சத்தத்தைக் கூட்டி, கையில் வைத்துக்கொண்டு காமராவுக்குள் நடங்கள். எல்.ஈ.டி. பல்புக்குக் கீழே போனால் ஒரு மாதிரி உறுமும், போன் சார்ஜருக்குப் பக்கத்தில் வேறு மாதிரி இரையும், டீவி பெட்டிக்கு அருகே இன்னும் மோசம். பெரியவர்களிடம் சொல்லிவிட்டு இரண்டு நிமிடத்துக்கு மெயின் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது வீட்டுக்கு வெளியே இருந்து வருகிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். எல்லாருக்கும் கஷ்டமான நாட்கள்தான். ஆனால் மேட்டு லயம் முதல் பள்ளத்து லயம் வரை ஒரு விளக்கும் எரியாத அந்த இருட்டில், வழக்கமாக நாலைந்து நிலையம் மட்டும் எடுக்கும் என் ரேடியோவில் ஒன்றை ஒட்டி ஒன்றாக நிலையங்கள் வந்துகொண்டே இருந்தன, நான் விடிய விடிய கேட்டேன். அதுவரை என் ரேடியோதான் மட்டம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்தது கூரை. தகரக் கூரை போட்ட லயக் காமராவின் உள்ளே அலை நுழைவதே கடினம், சின்ன ஜன்னல் ஒன்று இருந்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. அதே ரேடியோவை இஸ்தோப்புக்குக் கொண்டு வாருங்கள், அப்புறம் வாசலுக்கு, அப்புறம் கொஞ்சம் தள்ளித் தேயிலை ஓரத்துக்கு. எங்கே இரைச்சல் மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் உங்கள் இடம். அந்த இடத்தில் பிளக் இருக்காது என்பதால், கையில் தூக்கிப் போகக்கூடிய, பெட்டரியில் ஓடும் ரேடியோதான் நமக்குச் சரி. மேசையில் வைக்கும் பெரிய பெட்டிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் ரேடியோவாக வேண்டாம்.

“மலை மறைக்கும், இங்கே ஒன்றும் எடுக்காது” என்று சிலர் சொல்வார்கள். பண்பலைக்கு அது உண்மை, எதிரே மலை இருந்தால் அந்தப் பக்கத்து எஃப்.எம். வராது. சிற்றலை, அதாவது ஷோர்ட் வேவ், வேறு வழியில் வருகிறது. தரையில் இருந்து சுமார் 100 முதல் 400 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் அயன மண்டலம் என்ற மின்னேறிய காற்று அடுக்கில் பட்டு வளைந்து மேலே இருந்து இறங்குகிறது. கிடங்கு போன்ற பள்ளத்தில் இருந்தால் அடிவானத்தை ஒட்டி வரும் மெல்லிய அலைகள் குறையும், அவ்வளவுதான். ஹட்டனில் இருந்தாலும் பண்டாரவளையில் இருந்தாலும் உலகம் கேட்கும்.

எதைக் கேட்கப் போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். மூன்று வகை சொல்கிறேன்.

சிலருக்கு மத்திய அலை போதும். இரவில் கடல் தாண்டி வரும் இந்திய நிலையங்கள், தூத்துக்குடியின் 1053 கிலோஹேர்ட்ஸ், நம் புத்தளத்தில் இருந்து இந்தியாவை நோக்கி ஒலிபரப்பும் 882 போன்றவை. சிலருக்குச் சிற்றலையில் நாடுகளின் ஒலிபரப்பு வேண்டும்: சீன வானொலி, ஜப்பானின் என்.எச்.கே., வியட்நாமின் குரல், துருக்கியின் குரல், நியூசிலாந்து வானொலி. தமிழில் கேட்பது முன்பு போல் சுலபமில்லை. பி.பி.சி. தமிழோசை 2017 இல் வானொலியை நிறுத்தியது எனக்கு இன்னும் வலிக்கிறது. மூன்றாவது வகைக்காரர்கள் ஒலிபரப்பு இல்லாதவற்றைத் தேடுபவர்கள்: பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் உரையாடல், விமானங்களுக்கு வானிலை சொல்லும் குரல்கள். 6676 கிலோஹேர்ட்ஸில் மும்பையும் சிங்கப்பூரும் மாறி மாறி விமான நிலையங்களின் காற்று, மேகம், வெப்பநிலை எல்லாம் வாசிக்கும். முதல்முறை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இந்த மூன்றாவது வகையும் வேண்டும் என்றால் ரேடியோவில் எஸ்.எஸ்.பி., அதாவது இந்தக் குரல்களைப் புரியும்படி மாற்றித் தரும் வசதி, கட்டாயம் வேண்டும். அது இல்லாத ரேடியோவில் இந்தக் குரல்கள் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். முதலில் தேவையில்லை என்று நினைப்பீர்கள், ஆறு மாதத்தில் தேடுவீர்கள். ஆகவே கொஞ்சம் பணம் சேர்த்தாவது எஸ்.எஸ்.பி. உள்ளதை வாங்குங்கள் என்பேன்.

பெட்டியில் எதைப் பார்ப்பது

கடைகளில் “12 பேண்ட்” என்று பெரிதாக எழுதிய ரேடியோக்கள் இருக்கும். அந்த எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. ஒரே சிற்றலையைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணியிருப்பார்கள், நடுவில் உள்ள இடங்கள் பல விடுபட்டிருக்கும். 1711 இல் இருந்து 29999 கிலோஹேர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் போகிறதா என்று பாருங்கள்.

அலைவரிசையை எண்ணாகக் காட்டும் திரை வேண்டும். எண்ணை விசையில் அடித்து நேராகப் போக முடிந்தால் இன்னும் நல்லது. சிற்றலை நிலையங்கள் பொதுவாக 5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி உட்கார்ந்திருக்கும், முள் நகரும் ரேடியோவில் 9 ஆயிரத்துச் சொச்சத்தில் எங்கே நிற்கிறோம் என்று உங்களால் சொல்லவே முடியாது.

மத்திய அலையில் 9 கிலோஹேர்ட்ஸ் அடியா 10 கிலோஹேர்ட்ஸ் அடியா என்று மாற்றும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவில் நிலையங்கள் 10 இன் இடைவெளியில் இருக்கின்றன, நம் பக்கம் 9. 10 இல் மட்டும் தாவும் ரேடியோ 1050 இலும் 1060 இலும் நிற்கும், 1053 ஐத் தாண்டிப் போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வரும்போது இந்தத் தவறு நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பலர் கவனிக்காத ஒன்று, வடிகட்டி. ஒரு நிலையத்தைக் கேட்கும்போது பக்கத்து நிலையம் உள்ளே வழியாமல் தடுப்பது இதுதான். நல்ல ரேடியோக்களில் அகலத்தை நாமே மாற்றலாம்: பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் 6 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் பேச்சும் பாட்டும் தெளிவாக இருக்கும், நெருக்கடியில் 3 அல்லது 2 க்கு ஒடுக்கினால் குரல் கொஞ்சம் மங்கினாலும் வார்த்தை புரியும். புதியவர்கள் எப்போதும் “எவ்வளவு இழுக்கும்?” என்றுதான் கேட்பார்கள். இழுப்பது இப்போது எல்லா ரேடியோவும் ஓரளவு இழுக்கும், பிரித்துக் கொடுப்பதில்தான் விலைக்கான வித்தியாசம் தெரியும்.

வெளி ஏரியலுக்கான துளை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். பெட்டரி என்ன வகை என்பதையும் பாருங்கள். பென் டோர்ச் பெட்டரி போடுபவை என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். லிதியம் என்றால் சார்ஜ் செய்யலாம், ஆனால் சார்ஜ் ஆகும்போதே கேட்க முயலாதீர்கள், சார்ஜர் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

பெயர் சொல்லிச் சொன்னால்

முதல் ரேடியோவுக்கு என் தேர்வு டெக்சன் பி.எல்-330. உள்ளங்கை அளவு, எஸ்.எஸ்.பி. உண்டு, அகலம் மாற்றலாம், ஏரியல் துளை உண்டு, பழைய நோக்கியா போன்களில் இருந்த பி.எல்-5சி வகைப் பெட்டரி என்பதால் மாற்றுவதும் சுலபம். எக்ஸ்.எச். டேட்டா டி-808 இன்னொரு நல்ல ரேடியோ, 18650 பெட்டரி, கூடவே விமானிகள் பேசும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையும் கேட்கும். கையில் பணம் குறைவு, ஒலிபரப்பு மட்டும் போதும் என்றால் எஸ்.எஸ்.பி. இல்லாத டெக்சன் பி.எல்-310ஈ.டி. நன்றாக இருக்கும். பி.எல்-880 பெரியது, குரல் மிக இனிமை, ஆனால் முதல் ரேடியோவுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

கணினியில் செருகிக் கேட்கும் எஸ்.டி.ஆர். கருவிகள் மலிவு, திரையில் அலைகளைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் கணினியும் அதன் சார்ஜருமே இரைச்சலை உண்டாக்கும், தேயிலை ஓரத்துக்குத் தூக்கிப் போகவும் முடியாது. இரண்டாவது படியாக வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்ட் பல்கலைக்கழகம் ஒரு ரேடியோவை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, வாங்கும் முன் எஸ்.எஸ்.பி. எப்படித் திருப்புவது என்று போனிலேயே பழகலாம்.

பழையது வாங்கினால்

2001 இல் வந்த சோனி ஐ.சி.எஃப்-எஸ்.டபிள்யூ 7600ஜி.ஆர். இப்போது தயாரிப்பில் இல்லை, ஆனால் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். எந்தப் பழைய ரேடியோவாக இருந்தாலும் முதலில் பெட்டரி மூடியைத் திறங்கள். நம் பனியும் ஈரமும் தகடுகளில் பச்சை பிடிக்க வைக்கும், உள்ளேயும் அது பரவியிருக்கலாம். சத்தம் கூட்டும் சக்கரத்தைத் திருப்பும்போது கரகரக்கிறதா, ஏரியல் குழாய் முழுதாக இழுபடுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் 10000 கிலோஹேர்ட்ஸ். சீனாவின் நேர சமிக்ஞை நிலையமான பி.பி.எம். அங்கே நொடிக்கு நொடி ‘டிக்’ அடிக்கும், மாலைக்குப் பிறகு பாருங்கள். அது 10000 இல் இல்லாமல் தள்ளிக் கேட்டால் ரேடியோவின் கணக்குப் பிசகியிருக்கிறது. மலிவான ரேடியோக்களில் இன்னொரு சோதனை: பலமான ஒரு நிலையம், அதன் உண்மையான இடத்தில் இருந்து 910 கிலோஹேர்ட்ஸ் கீழேயும் கேட்கிறதா? கேட்டால் அது பேய் நிலையம். அப்படிப்பட்ட ரேடியோவில் எது உண்மை எது போலி என்று தெரியாமல் அலைவீர்கள், வேண்டாம்.

நான் வாங்கிய முதல் பழைய ரேடியோவைக் கடையில் பகல் 12 மணிக்குச் சோதித்தேன், சிற்றலையில் ஒன்றும் வரவில்லை, “இங்கே சிக்னல் இல்லை, வீட்டில் எடுக்கும்” என்றார்கள், நம்பினேன். வீட்டிலும் எடுக்கவில்லை. பகலிலும் 15 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஏதாவது ஒரு நிலையம் கட்டாயம் இருக்கும், கடைக்கு வெளியே வந்து அதைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரு கம்பி

7 முதல் 10 மீற்றர் வரை பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கம்பி போதும். ஒரு முனையைச் சீவி, ஏரியல் குழாயில் கிளிப்பால் பிடியுங்கள், மறுமுனையைக் கயிற்றில் கட்டிக் கொய்யா மரத்துக்கோ நிழல் மரத்துக்கோ கொண்டு போங்கள். தகரத்தை ஒட்டிப் போகக் கூடாது, கரண்ட் கம்பிக்கு மேலாகவோ பக்கமாகவோ ஒருபோதும் போகக் கூடாது. அதற்கு மேல் நீளம் வேண்டாம், சின்ன ரேடியோ திணறி எல்லா இடத்திலும் எல்லா நிலையமும் கலந்து கேட்கும்.

மத்திய அலைக்கு இந்தக் கம்பியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டுதான் வேலை செய்கிறது, ரேடியோவையே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு பக்கம் திருப்பினால் ஒரு நிலையம் அமுங்கி, அடியில் இருந்து இன்னொன்று எழும்பும்.

இடி விஷயத்தில் விளையாடாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் பின்னேரங்களில் இடி மின்னல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். வானம் கறுத்ததும் கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். கேட்டு முடித்ததும் கழற்றுவதை வழக்கமாக்கினால் மறதிக்கே இடமில்லை.

எப்போது, எங்கே திருப்புவது

பகலில் மேல் அலைகள்: 15100 முதல் 15800 வரை, 17480 முதல் 17900 வரை. இருட்டிய பிறகு கீழே இறங்குங்கள்: 9400 முதல் 9900, 7200 முதல் 7450, 5900 முதல் 6200. மத்திய அலை தூரத்துக்கு இரவில்தான். பகலில் அயன மண்டலத்தின் கீழ் அடுக்கு அதை விழுங்கிவிடும். எனக்குப் பிடித்த நேரம் விடியற்காலை ஐந்து, பெரட்டுக்கு ஆள் கிளம்பும் முன், பனி இறங்கியிருக்கும்போது. மேற்கே இன்னும் இருட்டு, கிழக்கே வெளுக்கிறது, அந்த அரை மணி நேரத்தில் வேறெப்போதும் வராத நிலையங்கள் வந்து போகும்.

சிற்றலை நிலையங்கள் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசைகளை மாற்றும். நேற்று இருந்தது இன்று காணவில்லை என்றால் ரேடியோவைச் சந்தேகிக்காமல் நாட்காட்டியைப் பாருங்கள். பட்டியல்கள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்தில் இருந்து ஐந்தரை மணி நேரம் கழியுங்கள். நம் இரவு 8.30 அவர்களுக்கு 15.00.

ஒரு கொப்பி போடுங்கள். திகதி, உலக நேரம், அலைவரிசை, மொழி, கேட்ட விஷயம், எவ்வளவு தெளிவு. இதையே அறிக்கையாக நிலையத்துக்கு அனுப்பினால் பல நிலையங்கள் கியூ.எஸ்.எல். அட்டை, அதாவது நீங்கள் கேட்டதை உறுதிசெய்யும் அட்டை, அனுப்பும். அனுப்பும்போது முகவரியில் கவனம். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கம் இல்லை, தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் எங்கேயோ தங்கிவிடுகிறது. எனக்கு வந்த முதல் அட்டை இரண்டு மாதம் ஒரு மேசை இழுப்பறையில் கிடந்து, ஓரம் மடங்கித்தான் கைக்கு வந்தது. இப்போது டவுனில் கடை வைத்திருக்கும் மச்சானின் முகவரியைக் கொடுக்கிறேன், அவர் போன் பண்ணிச் சொல்வார், அன்றே பஸ் ஏறிவிடுவேன்.