ஜனாதிபதியின் வீழ்ச்சியைக் கோவையாகத் தொகுப்பது எப்படி?

அட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் கோட்டாபய ராஜபக்ஷவின் பதவி விலகலைப் பற்றிக் கோவை தயாரிக்கும்போது, 2022 ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்த படத்தையே பெரும்பாலும் முதற்பக்கத்தில் ஒட்டுகிறார்கள். அதைக் கடைசிப் பக்கங்களுக்குக் கொண்டுபோங்கள். மாளிகைக்குள் கண்டெடுக்கப்பட்டுப் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்ட சுமார் 1 கோடியே 78 இலட்சம் ரூபாயை எவரும் மறக்கவில்லை. ஆனால் அது வெளிப்பட்டபோது அவர் மாளிகையைவிட்டு வெளியேறியிருந்தார் என்பதால், அந்தப் பணத்தைக் காரணங்களின் வரிசையில் வைக்க இயலாது.

காரணங்களை அரசாங்கத்தின் சொந்த முடிவுகளிலிருந்தே தேடத் தொடங்க வேண்டும். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டதை ஒரு தாளிலும், 2021 மே மாத வர்த்தமானி மூலம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதை இன்னொரு தாளிலும் எழுதுங்கள். இரண்டாவது தாளுக்கு மலையகத்தில் லயத்துக்கு லயம் சாட்சிகள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது அவ்வாண்டு மார்ச்சில்தான். உரமின்றித் தேயிலைக் கொழுந்து குறைந்த மலையில், தோட்டம் கேட்கும் கிலோவைப் பறிக்க முடியாதவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். ஆகவே கொழுந்து பறித்த அக்காமாரிடம் கஷ்டமாக இருந்ததா என்று கேட்பதில் பயனில்லை. எந்த மாதத்தில் எத்தனை பேர், அதாவது பதிவான வேலைநாள், விழுந்தது, அதில் அரைப்பேர் எத்தனை என்று கேளுங்கள். சம்பளச் சீட்டை எடுத்து வைத்திருந்தால், அனுமதி பெற்றுப் பிரதியெடுத்து, பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டுச் சேருங்கள்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டதற்கும், மே 9இல் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ விலகியதற்கும் ஒவ்வொரு வரி போதும்.

பதவி எந்த நாளில் போனது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரைப்படி, ஜனாதிபதி தாம் கையொப்பமிட்ட கடிதத்தின் மூலம் சபாநாயகருக்கு அறிவித்தே விலக வேண்டும். ஜூலை 13இல் மாலைதீவுக்குச் சென்ற கோட்டாபய, மறுநாள் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினார். 14ஆம் திகதி முதல் அவர் விலகியதாகச் சபாநாயகர் 15ஆம் திகதி அறிவித்தார். நாட்டைவிட்டுச் சென்ற நாளையும் பதவி விலகிய நாளையும் ஒன்றாக எழுதாதீர்கள்.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் வழங்கிய தீர்ப்பைத் தனிப் பகுதியாக வையுங்கள். கோட்டாபய, மஹிந்த, பசில் ஆகிய ராஜபக்ஷ சகோதரர்கள் மூவரும் சில உயரதிகாரிகளும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் நம்பிக்கையையும் அடிப்படை உரிமையையும் மீறினார்கள் என்பதே அதன் முடிவு. அது குற்றவியல் தண்டனை அன்று. ஆதலால் ஊழல் நிரூபிக்கப்பட்டதாக எழுதினால் தீர்ப்பில் இல்லாததை எழுதியவராவீர்கள்.

உள்ளூர் ஆவணம் ஏதேனும் விடுபட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.