டிஸ்க் போகவில்லை, அடாப்டர்தான் போயிருந்தது

குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும் என் இரண்டு டிஸ்க் நாஸ் (NAS, வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும்) பெட்டி ஒரு நாள் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிக்கொண்டே இருந்தது. டிஸ்க் சுழலத் தொடங்கும், டிக்கென்று ஒரு சத்தம், உடனே விளக்கு அணைந்துவிடும். டிஸ்க்தான் போய்விட்டது என்று பயந்துவிட்டேன். அப்புறம் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்தால் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது!

அடாப்டரைத் தனியாக மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டியது. இதை நம்பிவிடாதீர்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் சில நொடிகளில் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், உள்ளே கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கித் தரும் பாகம்) வலுவிழந்த அடாப்டர் அப்போதுதான் படுத்துவிடும். பெட்டியைத் திறந்து, டிஸ்க் சுழலும்போதே அடாப்டர் செருகும் சாக்கெட்டில் அளந்தேன், 9 வோல்ட்டுக்கு இறங்கியது.

புதிய அடாப்டரில் வோல்ட் அதே 12தான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. அடாப்டர் பின்னின் (செருகும் முனையின்) நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று லேபிளில் கட்டாயம் பாருங்கள், மாறினால் போர்டே எரிந்துவிடலாம். வெளி விட்டம் 5.5 மிமீ என்றாலும் உள் துளை 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு.

புதிய அடாப்டரை மாட்டி, டிஸ்குகளை அதே வரிசையில் போட்டு ஆன் செய்தேன், ஃபைல் சிஸ்டம் சோதனையும் ஓடவிட்டேன். படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.