இரு நாட்டுக் குடும்பங்களின் சாப்பாட்டுச் செலவை ஒப்பிடுவது எப்படி?

என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை கிலோவில் எழுதுங்கள். அதற்கு ஆகும் செலவைச் சதவீதத்தில் எழுதுங்கள். டாலரையும் யூரோவையும் வங்கி விலையில் ரூபாயாக்கினால் நம் ஊர்ச் சாப்பாடு எல்லாமே சல்லிசாகத்தான் தெரியும். 2017-இல் ஒரு டாலர் சந்தையில் சுமார் 65 ரூபாய். உலக வங்கியின் வாங்கும் திறன் கணக்கில், அதாவது அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கில், 20.65 ரூபாய்தான். அதுவும் வாடகை, முடிவெட்டு எல்லாம் சேர்ந்த சராசரி. பணமாகவே காட்டியாக வேண்டும் என்றால், அந்தக் கணக்கில் உணவுக்கென்று தனியாக உள்ள எண்ணை எடுங்கள்.

சதவீதத்திலும் வழுக்கும் இடம் உண்டு. 2023-24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமங்களில் உணவுக்கு 47.04%, நகரங்களில் 39.68%. அமெரிக்காவில் சுமார் 11% என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைக்கக் கூடாது. நம்முடையது மொத்தச் செலவில் பங்கு. அமெரிக்க எண் வரி போகக் கையில் நிற்கும் வருமானத்தில் பங்கு, அதில் சேமிப்பும் அடக்கம். இரு வீட்டுக்கும் மொத்தச் செலவில் பங்கு என்றே கணக்கிடுங்கள்.

இனி, தினமும் குறித்துவைக்கும் கணக்கு நோட்டு. காய், பழம், மீன், முட்டைக்கு 7 நாள் போதும். அரிசி, பருப்பு, சர்க்கரைக்கு 30 நாள் வேண்டும். கணக்கெடுத்த வாரத்தில் 25 கிலோ அரிசி மூட்டை வந்து இறங்கினால் அந்த வீடு அரிசியிலேயே பிழைப்பதுபோல் ஆகிவிடும். அதனால் முதல் நாள் டப்பாக்களில் இருப்பதை எடை போட்டு, வாங்கியதைக் கூட்டி, கடைசி நாள் மீதியைக் கழியுங்கள். எல்லாமே சமைக்காத எடையாக இருக்கட்டும். ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று கிலோ சோறு. ஒரு பவுண்டு 454 கிராம்.

ஆள் எண்ணிக்கையால் வகுப்பதைவிட, சாப்பிட்ட வேளைகளின் எண்ணிக்கையால் வகுப்பது நல்லது. யார் எந்த வேளை வீட்டில் சாப்பிட்டார்கள், விருந்தாளி எத்தனை பேர் என்று தினமும் இரவே குறித்துவிடுங்கள். மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. வெளியில் குடித்த டீ, ஆபீஸ் கேன்டீன், பார்சல் எல்லாம் தனிப் பத்தியில். அமெரிக்காவில் உணவுச் செலவில் பாதிக்கு மேல் வெளிச் சாப்பாட்டுக்கே போகிறது. இதை விட்டால் ஒப்பீடே இல்லை.

பெரும்பாலும் விட்டுப்போவது இலவசம். ரேஷன் அரிசியும் பள்ளிக் காலை உணவும் சென்னை வீட்டின் பில்லில் வராது. 1948 முதல் ஃபின்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் இலவச மதிய உணவு ஹெல்சின்கி வீட்டின் பில்லிலும் வராது. உள்ளூர்க் கடை விலையில் மதிப்புப் போட்டு, சேர்த்து ஒரு தொகை, சேர்க்காமல் ஒரு தொகை என இரண்டையும் காட்டுங்கள். நம் கணக்கெடுப்பும் அப்படித்தான் செய்கிறது: கிராமத்தில் ஒருவரின் மாதச் செலவு 4,122 ரூபாய், இலவசங்களைச் சேர்த்தால் 4,247.

விலையை அலமாரிச் சீட்டில் பார்த்து எழுதாதீர்கள். அமெரிக்கக் கடைகளில் விற்பனை வரி கல்லாவில்தான் ஏறும். ஜப்பானில் பார்சலுக்கு வரி 8%, உட்கார்ந்து சாப்பிட்டால் 10%. பில்லின் கடைசி வரியில் உள்ள தொகைதான் கணக்கு.