யாழ்ப்பாணத்தில் கோடை விடுமுறை: காற்றையும் நிழலையும் பார்த்துத் திட்டமிடும் முறை

கோடையில் யாழ்ப்பாணம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுகிறார்கள். ஏப்ரலிலும் 33 பாகை, ஓகஸ்டிலும் 33 பாகை என்று கைபேசி காட்டும். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. ஏப்ரலில் ஓலை அசையாது. கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வியர்வை காயாமல் புழுங்கும். ஓகஸ்டில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும். வியர்வை உடனே காயும், ஆனால் நெடுந்தீவுப் படகில் சாப்பிட்டது வயிற்றில் நில்லாது. அதனால் முதலில் காற்று, பிறகு நேரம், அதற்குப் பிறகுதான் இடங்கள். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ முதல்முறை வரும் ஒரு குடும்பத்துக்கு, நான்கு நாள் பயணத்துக்கான ஒழுங்கு இது.

படி 1: மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

மார்ச் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை காற்றுக் குறைவு. தீவுகளுக்குப் போக இதைவிட நல்ல காலம் இல்லை. குறை இரண்டு: புழுக்கம், பிற்பகலில் திடீரென்று எழும் இடிமழை. காலையில் தெளிந்த வானம் என்று நம்பி மூன்று மணிக்குக் கடற்கரையில் நிற்காதீர்கள். வெட்டவெளி மணலில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான் என்றால் மின்னலுக்கும் நீங்கள்தான் இலக்கு. இடி கேட்டதும் வாகனத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். தனித்து நிற்கும் பனைக்குக் கீழே ஒதுங்கவே வேண்டாம்.

மே மாதம் காண்டாவன வெயில், அதாவது அக்கினி நட்சத்திரக் கடும் வெயில். மாத முடிவில் சோளகம் பிடிக்கும்; செப்டெம்பர் வரை அடிக்கும். மே முதல் ஜூலை வரை கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம். அதற்காகவே ஜூனில் வருகிறவர்கள் உண்டு, அது நல்ல காரணம்தான்.

ஜூலை, ஓகஸ்டில் காற்று இருப்பதால் வெயில் குறைந்தது போலத் தோன்றும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் 14, 15 அளவில் ஒருமுறை, ஓகஸ்ட் கடைசி வாரத்தில் மறுமுறை. ஓகஸ்ட் வெயில் ஏப்ரல் வெயிலுக்குச் சமம். காற்று தோலைக் குளிர வைப்பதால் எரிவது இரவில்தான் தெரியும்.

படி 2: திருவிழா நாட்களைக் கணக்கிடுங்கள்

ஓகஸ்டில் வருவதென்றால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் எப்போது என்று பார்க்காமல் திகதி போடாதீர்கள். கணக்கு எளிது. ஆடி அமாவாசையை முதல் நாளாக வைத்து எண்ணினால் 6 ஆம் நாள் கொடியேற்றம். அதிலிருந்து 24 ஆம் நாள் தேர், 25 ஆம் நாள் தீர்த்தம். 2025 இல் ஆடி அமாவாசை ஜூலை 24. கொடியேற்றம் ஜூலை 29. தேர் ஓகஸ்ட் 21. வேறு ஆண்டுகளுக்கும் இப்படியே எண்ணிப் பார்த்து, பஞ்சாங்கத்தில் சரிபாருங்கள்.

இந்த 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். நல்லூருக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் கோயிலுக்கு நடக்கலாம்; ஆனால் வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்காரரிடம் முன்னரே கேளுங்கள். தேரைப் பார்க்க விடியவே போய்விட வேண்டும். நல்லூரில் நேரம் தவறாது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். மத்தியானத்தில் வீதி மணல் வெறுங்காலைச் சுடும். சின்னப் பிள்ளைகளைக் காலைப் பூசைக்கோ மாலைத் திருவிழாவுக்கோ மட்டும் கூட்டிப் போங்கள்.

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணிக்குக் குளிக்கப் போக வேண்டாம். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய வரும் நாள் அது. அந்த இடத்தை அன்றைக்கு அவர்களுக்கு விட்டுவிடுவதுதான் முறை.

கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் ஆசனங்கள் பள்ளி விடுமுறையிலும் திருவிழாவிலும் விரைவில் முடிந்துவிடும். முன்பதிவு திறக்கும் அன்றே எடுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிறவர்கள், கடல் காலநிலையால் சேவை மாறக்கூடும் என்பதால் முதல் நாளில் வேறு எந்த ஒழுங்கும் வைக்காதீர்கள்.

படி 3: அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை

ஏசி உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கறன்ற் போனால் ஏசிக்கு ஜெனரேற்றர் உண்டா என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்தது, அறை எந்த மாடியில்? தட்டைக் கொங்கிறீட் கூரைக்கு நேர்கீழே உள்ள அறை பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு 11 மணி வரை உள்ளே கக்கும். கீழ்மாடி அல்லது ஓட்டு வீடு கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் கிணற்று நீர்தான். பல இடங்களில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலில் வெள்ளைப் படிவு தெரியும். குளிக்க அது போதும். குடிக்கச் சுத்திகரித்த தண்ணீரோ போத்தல் தண்ணீரோ எடுங்கள். கூரைத் தாங்கித் தண்ணீர் மத்தியானத்தில் கொதிக்கும். பிள்ளைகளைக் குளிப்பாட்டக் காலைதான் நல்லது. கிணறு இருந்தால் அள்ளிக் குளிப்பதைப் போலச் சுகம் வேறில்லை.

படி 4: ஒவ்வொரு நாளையும் இரண்டாக வெட்டுங்கள்

சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6 மணிக்கு. 5.45க்கு வெளிக்கிட்டு 10.30க்குள் முதல் பாதியை முடியுங்கள். 10.30 முதல் 3.45 வரை கூரைக்குக் கீழே. 4 முதல் 6.30 வரை இரண்டாம் பாதி. உச்சிப்பொழுது இங்கே 12 மணி 10 நிமிடம் அளவில் வந்தாலும், வெக்கை உச்சம் தொடுவது 2 மணியை ஒட்டித்தான். அதனால்தான் “சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு வெளிக்கிடுவோம்” என்ற திட்டம் எப்போதும் பிழைக்கிறது.

மணிக்கூடு இல்லாமலும் அளக்கலாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் வெயில் கடுமையாகிவிட்டது, நிழல் தேடத் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்களே உங்களை நினைவூட்டுவார்கள்.

கோட்டையை மாலைக்கு வையுங்கள். 1618 இல் போர்த்துக்கேயர் தொடங்கிப் பின் ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய அந்த மதில்மேல் நிழல் கிடையாது; காலையிலிருந்து கல் சூடேறியிருக்கும். 5 மணிக்கு மேல் போனால் கடல்நீரேரிக் காற்றும் பொழுதுபடும் வானமும் கிடைக்கும்.

படி 5: கடலுக்குப் போகும் நாள்

பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

முந்தின நாள் மாலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிக்கையைப் பாருங்கள், தமிழிலும் வரும். அதில் காங்கேசன்துறை, மன்னார் கடற்பரப்புகளுக்கான காற்றின் வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 20 கிலோமீற்றருக்குக் குறைந்தால் புதியவர்களுக்கும் பயணம் சுகம். 20 தாண்டினால் அலை முகட்டில் வெள்ளை நுரை பூக்கத் தொடங்கும். 30க்கு மேல் என்றால் நெடுந்தீவை வேறு நாளுக்கு மாற்றுங்கள். கைபேசிச் செயலி ‘நொட்’ கணக்கில் காட்டினால் 1.85 ஆல் பெருக்குங்கள். 16 நொட் என்றால் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

நயினாதீவு, நெடுந்தீவு இரண்டுக்கும் படகு குறிகட்டுவானில். நகரிலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாக வாகனத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். நயினாதீவுக்குக் கடல் வழி 20 நிமிடம் அளவுதான். படகுகளும் அடிக்கடி உண்டு. காற்று நாளிலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஒரு நாளில் சில சேவைகள் மட்டுமே. ஏறுவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “கடைசியாகத் திரும்புற படகு எத்தினை மணிக்கு?” அதற்கு முந்திய படகிலேயே திரும்புங்கள். கடைசிப் படகு நிரம்பிவிட்டால் இரவு அங்கேதான்.

நெடுந்தீவில் ஓட்டோ பிடித்து ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம் (பாவோபாப்), கட்டாக்காலிக் குதிரைகள் என்று சுற்றலாம். குதிரைகள் நிற்கும் புல்வெளியில் நிழலே இல்லை. ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். குதிரைகளுக்குக் கிட்டப் போய் உணவு நீட்ட வேண்டாம்.

வாந்தி வருகிறவர்கள் மருந்தைப் படகு ஏற அரை மணி நேரத்துக்கு முன்னரே எடுக்க வேண்டும். ஆடத் தொடங்கிய பிறகு எடுத்தால் அது வயிற்றில் தங்காது. பின்பக்கம், நடுவில் அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கட்டிக்கொண்டே இருங்கள், புழுங்கினாலும்.

இனிக் குளிக்கும் கடற்கரை. சோளகக் காலத்தில் காற்று தெற்கு, தென்மேற்கிலிருந்து வருவதால் வடக்குப் பார்த்த கரைகள் அமைதியாக இருக்கும். காரைநகர் கசூரினாவும் காங்கேசன்துறைப் பக்கமும் அப்படித்தான். கசூரினாவில் நெடுந்தூரம் ஆழமில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. காற்றடைத்த வளையம், மிதவை மெத்தை எதுவும் பிள்ளையோடு சேர்த்து வெளியே தள்ளப்படும். கடல் தட்டையாக இருப்பதால் யாருக்கும் பயம் வராது. சோளகத்தில் அவற்றைத் தண்ணீருக்குக் கொண்டு போகவே வேண்டாம். பந்து மிதந்து போனால் போகட்டும், துரத்தி நீந்தாதீர்கள்.

கீரிமலைக் கேணி கடலோரத்தில் இருந்தாலும் நன்னீர் ஊற்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. சவர்க்காரம், ஷம்போ கொண்டு போகாதீர்கள்.

படி 6: தண்ணீர், உப்பு, தோல்

வெளியே திரியும் நாளில் பெரியவர் ஒருவருக்கு 3 லீற்றர். தாகம் வரும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு. வெறும் தண்ணீர் மட்டும் குடித்து உப்பு குறைந்தால் தலையிடியும் கால் பிடிப்பும் வரும். மோர், இளநீர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் இடையிடையே எடுங்கள். ஜீவனி என்னும் உப்பு-சீனிக் கரைசல் பைக்கற் இரண்டு பையில் இருக்கட்டும். ஒரு பைக்கற்றை 1 லீற்றர் ஆறின தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் பிரிக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் 1 லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

தொப்பிக்கு நாடா இருக்கட்டும், இல்லாவிட்டால் சோளகம் கொண்டுபோய்விடும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத கிறீமை வெளிக்கிட 20 நிமிடத்துக்கு முன் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்த பின்னும் மறுபடி பூசுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை அதைவிட நம்பகம்.

தேங்காய்ப்பால் விட்ட கறியும் சம்பலும் இந்த வெக்கையில் மத்தியானம் வரை தாங்காது. வழிக்குப் பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, வாழைப்பழம் போதும்.

யாராவது தடுமாறிக் கதைத்தாலோ, தோல் நெருப்பாகச் சுட்டாலோ, மயங்கினாலோ அது களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், சேவை இலவசம். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

படி 7: நான்கு நாளில் அடுக்கும் முறை

முதல் நாள்: வந்து சேர்ந்து ஓய்வு, மாலை கோட்டை. உடம்பு பழகும் நாள் இது.

இரண்டாம் நாள்: காற்று அறிக்கை நன்றாக இருந்தால் விடியவே நெடுந்தீவு. தீவை முதல் வாய்ப்பிலேயே வைப்பது ஏனென்றால், அன்றைக்குச் சரிவராவிட்டால் மூன்றாம் நாள் கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்கள் பார்க்காமலே திரும்புகிறார்கள். இரண்டு நாளும் காற்றென்றால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலோடு நிறுத்துங்கள்.

மூன்றாம் நாள்: காலை கீரிமலை, மாலை கசூரினா.

நான்காம் நாள்: காலை 7 மணிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை. கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோலில் பச்சை நிற்கும், ஆகவே நிறத்தைப் பார்க்காமல் காம்படியை மணந்து பாருங்கள். கொண்டு போவதற்கு இன்னும் இறுக்கமாக உள்ள காயை எடுத்து, ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றி, காற்றோட்டமுள்ள கடதாசிப் பெட்டியில் காம்பு கீழே பார்க்க ஒரே அடுக்காக வையுங்கள். பெட்டியைப் பூட்டிய வாகனத்துக்குள் விடாதீர்கள். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் இரண்டு மணி நேரத்தில் பழம் அவிந்து போகும். ரயிலில் காலுக்குக் கீழே, நிழல் பக்கம்.