புள்ளி நின்றால் வீட்டில் என்ன நடக்கும்: பயண டிராக்கர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மலைப்பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். அன்று அம்மாவின் போனில் என்னைக் காட்டும் நீலப் புள்ளி நான்கு மணி நேரம் ஆற்றின் நடுவில் அசையாமல் நின்றதாம். நான் பாலத்தைக் கடந்தபோது டிராக்கருக்குக் கடைசியாக டவர் கிடைத்திருக்கிறது, அதோடு சரி. அப்புறம் நான் மேடேறி, ஈரக் காலுறையைப் பிழிந்து பாறையில் காயப்போட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்துவிட்டேன். புள்ளி மட்டும் ஆற்றிலேயே இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், வெளிர் சாம்பல் நிறத்தில், '4 மணி நேரத்துக்கு முன்' என்று போட்டிருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? அம்மா பார்த்தது ஆற்றையும் புள்ளியையும்தான்.

டிராக்கரில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு நான் வாங்கிய விதத்தில். எடை எவ்வளவு, பேட்டரி எத்தனை நாள், மழை தாங்குமா என்று சுமக்கிறவனுக்கு வேண்டியதை மட்டும் பார்த்தேன். வீட்டில் இருப்பவர்களின் திரையில் என்ன தெரியும், எப்போது தெரியாமல் போகும் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இந்தப் பொருளில் நடக்கும் தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

'ஜிபிஎஸ் இருக்கிறதே, போதாதா?'

போதாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் கையில் உள்ள கருவி அதைக் கேட்டு, கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அந்தச் செயற்கைக்கோள்களுக்கே தெரியாது. கண்டுபிடித்த இடத்தை வீட்டுக்குச் சொல்ல வேறொரு வழி வேண்டும். அட்டைப்பெட்டி மேல் 'ஜிபிஎஸ் டிராக்கர்' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்த இன்னொரு வழி எது என்பது பின்பக்கத்தில் பொடியாக இருக்கும். பணம் கொடுக்குமுன் படிக்க வேண்டியது அதைத்தான்.

முதல் வகை ப்ளூடூத் டேக், அதாவது சாவியிலோ பெட்டியிலோ போட்டுவைக்கும் சின்ன வில்லை. ஆப்பிளின் டேகான, 2021இல் வந்த ஏர்டேகுக்குள் ஜிபிஎஸ்ஸே கிடையாது. பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் ஐபோன் அதன் சிக்னலைப் பிடித்து, எந்த இடத்தில் பிடித்தது என்பதை இணையத்தில் ஏற்றிவிடும். அதைத்தான் நாம் டேக் இருக்கும் இடமாகப் பார்க்கிறோம். ஆண்ட்ராய்டு போன்களை நம்பி ஓடும் டேக்குகளுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தால் பிரமாதமாக உதவும். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுப் பாதையில் அது வெறும் பொத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனியாக ஊருக்குப் போகும் அப்பாவின் பையில் உங்கள் டேகைப் போட்டு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஆளுக்குத் தெரியாமல் பின்தொடர்வதைத் தடுக்க ஆப்பிளும் கூகுளும் 2024இல் பொதுவான எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தன. ஆகவே 'உங்களுடன் தெரியாத டிராக்கர் ஒன்று வருகிறது' என்று அப்பாவின் போன் அவரை எச்சரிக்கும். ஏர்டேக் என்றால் உரிமையாளரைப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரம் ஆனபிறகு, நகர்த்தும்போது தானாகவே ஒலி எழுப்பும். நள்ளிரவில் பை கீச்சிட்டால் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார்? பொருளைத் தேடச் செய்த டேகை ஆளுக்கு மாட்டினால் இதுதான் வரும்.

இரண்டாவது வகை, சிம் உள்ள டிராக்கர். டவர் இருக்கும் இடமெல்லாம் நன்றாக ஓடும். இதில் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், 2ஜி மட்டும் பிடிக்கும் மலிவுக் கருவிகளில். ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 கடைசியிலேயே 2ஜியை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2017இல் நிறுத்தியது, 2022இல் தன் 3ஜியையும் மூடியது. ஜப்பானில் நாம் சொல்லும் ஜிஎஸ்எம் வகை 2ஜி வந்ததே இல்லை. ஆக, உங்கள் ஊரில் சோதித்துப் பார்த்து 'அருமையாக வேலை செய்கிறது' என்று எடுத்துப் போன கருவி, வேறொரு நாட்டில் இறங்கியதும் ஊமையாகிவிடலாம். வாங்குமுன் இரண்டே கேள்வி: எந்தெந்த 4ஜி அலைவரிசைகள் பிடிக்கும்? உள்ளே இருக்கும் சிம் நான் போகும் நாட்டில் ரோமிங் ஆகுமா? இதற்கு 'உலகம் முழுக்க வேலை செய்யும்' என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால், நாட்டின் பெயரைச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

மூன்றாவது, செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவி. இதிலும் எல்லாம் ஒன்றல்ல. கார்மின் இன்ரீச் பயன்படுத்துவது இரிடியம் வலையமைப்பு: 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும், துருவம் வரை எட்டும். ஸ்பாட் கருவிகள் குளோபல்ஸ்டாரை நம்பியவை. அதில் உங்களையும் தரையில் உள்ள நிலையத்தையும் ஒரே செயற்கைக்கோள் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். நிலையம் பக்கத்தில் இல்லாத நடுக்கடலிலும் சில நிலப்பகுதிகளிலும் ஓட்டை விழுவது இதனால்தான். அந்த நிறுவனத்தின் சேவை எங்கெல்லாம் எட்டும் என்று காட்டும் வரைபடத்தை எடுத்து, போகிற பாதையின் மேல் விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகரத்திலிருந்து நகரத்துக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவருக்குத் தனியாக எதுவுமே தேவைப்படாமல் போகலாம். வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவில் கிடைக்கிறது. கூகுள் மேப்ஸில் நிறுத்தும்வரை பகிரலாம். ஐபோன் 14 முதல் வந்த மாடல்களில், அந்தச் சேவை இருக்கும் நாடுகளில், டவர் இல்லாவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக இடத்தை அனுப்ப முடியும். ஆண்ட்ராய்டில் மட்டும் ஒரு கண் வையுங்கள்: பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போனே பின்னணியில் ஓடும் ஆப்பை மூடிவிடும். அமைப்புகளில் போய் அந்த ஆப்புக்கு விலக்கு கொடுக்க வேண்டும்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?

விளம்பரத்தில் வரும் பேட்டரி நாட்கள், எவ்வளவு அடிக்கடி இடத்தை அனுப்பினால் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தமாகும். இன்ரீச் மினி 2 திறந்த வானத்தின் கீழ் 10 நிமிட இடைவெளியில் 14 நாள் வரை வரும், 30 நிமிட இடைவெளியில் 30 நாள் வரை வரும் என்கிறது கார்மின். அடர்ந்த மரங்களுக்குக் கீழே இது கணிசமாகக் குறையும், ஏனென்றால் கருவி திரும்பத் திரும்ப முயன்று சக்தியைச் செலவழிக்கும்.

10 நிமிடம் என்றால் என்ன தெரியும்? மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் 670 மீட்டர் போயிருப்பார். 80 கிலோமீட்டர் வேகத்தில் காரில் போகிறவர் 13 கிலோமீட்டர் தாண்டியிருப்பார். மேப் அந்த இரண்டு புள்ளிகளையும் நேர்க்கோடு போட்டு இணைத்துவிடும். கோடு ஏரியின் குறுக்கே போகும், மலையைத் துளைத்துப் போகும். பார்க்கிறவர்களிடம் இதை முன்பே சொல்லாவிட்டால் 'ஏன்டா ஏரிக்குள்ள போன?' என்று ஒரு போன் நிச்சயம். நடைக்கு 30 நிமிடமே தாராளம் என்பது என் கருத்து. அடிக்கடி வரும் புள்ளி வீட்டாரை அமைதிப்படுத்தாது, இன்னும் அடிக்கடி பார்க்க வைக்கும்.

சில கருவிகள் நாம் அசையாமல் இருந்தால் பேட்டரிக்காகத் தூங்கிவிடும். நல்ல வசதிதான். ஆனால் வீட்டில் தெரிவது பழைய நேரம். கூடாரத்தில் படுத்திருக்கிறாரா, கீழே விழுந்து கிடக்கிறாரா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதேபோல, சிக்னல் இல்லாத நேரத்துப் புள்ளிகளைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்புமா, அப்படியே தொலைத்துவிடுமா என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

பார்க்கிறவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் வாங்குவது

பெரும்பாலான நிறுவனங்களின் தளத்தில் மாதிரிப் பக்கம் இருக்கும். அதை உங்கள் புதுப் போனில் பார்க்காதீர்கள். வீட்டிலேயே பழைய போன் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் லிங்கை அனுப்பி, 'திறந்து பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். ஆப் இறக்கச் சொல்கிறதா, கணக்கு தொடங்கச் சொல்கிறதா, கடவுச்சொல் கேட்கிறதா, எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா? நேரத்தை யாருடைய நேரமாகக் காட்டுகிறது என்று பாருங்கள். பார்க்கிறவர் ஊர் நேரமா, பயணியின் ஊர் நேரமா, இல்லை இரண்டும் இல்லாத யுடிசி என்ற உலகப் பொது நேரமா? இது தெளிவாக இல்லாவிட்டால், இப்போதுதான் வந்த புள்ளி 'பல மணி நேரம் பழசு' என்று தோன்றும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போனில் வாசித்துச் சொல்ல வேண்டிய நிலை வந்தால் இன்னொரு குழி. 10.50 டிகிரியும், 10 டிகிரி 50 நிமிடமும் கேட்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே 10.50 என்பது 10 டிகிரி 30 நிமிடம். அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் 37 கிலோமீட்டர் வித்தியாசம். தேடிப்போகிறவர்கள் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். கருவி எந்த முறையில் காட்டுகிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஆபத்து பொத்தானைப் பற்றிய குழப்பம்

பிஎல்பி என்ற சிறு அபாயக் கருவி ஒன்று உண்டு. 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்புக்குச் சிக்னல் அனுப்பும், சந்தா கிடையாது. உயிர் காக்கும் பொருள். ஆனால் சாதாரண நாளில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாது. அதை டிராக்கர் என்று நினைத்து வாங்கிவிட்டு, வீட்டில் ஏன் எதுவும் தெரியவில்லை என்று விழிப்பவர்களும் உண்டு. தலைகீழாக, ப்ளூடூத் டேகை வைத்துக்கொண்டு ஆபத்தில் உதவும் என்று நம்புவது அதைவிட மோசம்.

செயற்கைக்கோள் கருவிகளில் எஸ்ஓஎஸ் பொத்தானுக்குப் பின்னால் சந்தா இருக்கிறது. சந்தா முடிந்தால் பொத்தானை அழுத்தியும் பலன் இல்லை. மாதச் சந்தாவா, வருடச் சந்தாவா, பயணம் இல்லாத மாதங்களில் நிறுத்திவைக்கலாமா என்று பார்ப்பது பணத்துக்காக மட்டுமில்லை. அப்புறம், அவசரத் தொடர்பு எண். கணவரோடு மலையேறப் போகிற மனைவி அவசரத் தொடர்பாகக் கணவரின் எண்ணையே கொடுத்திருப்பார். எஸ்ஓஎஸ் செய்தி போய்ச் சேரும் கட்டுப்பாட்டு அறை கூப்பிடும்போது அந்தப் போன் அதே கூடாரத்தில், டவர் இல்லாமல் கிடக்கும். வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள், கொடுத்திருக்கிறோம் என்று அவரிடமும் சொல்லுங்கள்.

எல்லை தாண்டும்போது

இந்தியாவில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போனோ செயற்கைக்கோள் தொடர்புக் கருவியோ வைத்திருப்பது குற்றம். இன்ரீச் வைத்திருந்ததற்காக விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள். போகிற நாட்டின் விதியை டிக்கெட் போடும்போதே பார்த்துவிட வேண்டும்; சோதனைக் கவுன்டரில் நின்றுகொண்டு 'இது வெறும் டிராக்கர்தான் சார்' என்று விளக்குவது கஷ்டம்.

விமானத்தில் சரக்காக அனுப்பும் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கரின் பேட்டரிக்கும் அளவு உண்டு. விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி லித்தியம் அயன் என்றால் 2.7 வாட்-ஹவர். 3.7 வோல்ட்டில் 700 எம்ஏஎச் பேட்டரி இந்த அளவுக்குள் வரும், 1,000 எம்ஏஎச் வராது. நாணய வடிவ பேட்டரியில் ஓடும் டேக்குகளுக்குக் கவலை இல்லை. பெரியதைக் கைப்பையில் வையுங்கள்.

லிங்க் யார் யாருக்குப் போகிறது என்பதும் உங்கள் பொறுப்பு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது அங்கேயே நிற்காது. சித்தப்பா பெருமையாக இன்னொரு குழுவுக்கு அனுப்பிவிடுவார். வீடு பூட்டியிருப்பது ஊருக்கே தெரியும். கடவுச்சொல் போடக்கூடிய, திரும்பி வந்ததும் தானாக முடிந்துபோகும் பகிர்வு உள்ள கருவியையே நான் வாங்குவேன்.

கிளம்புமுன் ஒரு ஒத்திகை

புதுக் கருவியை மலையடிவாரத்தில் முதன்முறையாகப் பிரிக்காதீர்கள். பல நாள் அணைந்து கிடந்த ஜிபிஎஸ் கருவி முதலில் இடம் காணச் சில நிமிடங்கள் எடுக்கலாம். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வானத்திலிருந்து இறக்குவதற்கே 12.5 நிமிடம் ஆகும். திறந்த வெளியில் வைத்து ஒரு நாள் முழுக்க ஓட விட்டு, வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பையின் அடியில், இரும்பு பாட்டிலுக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் வைத்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். தோள்பட்டையில், வானத்தைப் பார்த்து மாட்டியபோது என்னுடையதில் புள்ளிகள் இரண்டு மடங்கு வந்தன.

அந்த ஆற்றுச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தாள் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். புள்ளி 6 மணி நேரம் வரை நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரவு 8 மணிக்குள் 'நலம்' செய்தி வராவிட்டால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பவும். மறுநாள் காலை 10 மணி வரை பதில் இல்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். அதில் வழிகாட்டியின் எண், அந்தப் பகுதி மீட்புக் குழுவின் எண், என் பாதை எல்லாம் இருக்கும். போன தடவை திரும்பி வந்து பார்த்தேன். அம்மா அதன் கீழே பென்சிலால் தானே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'தண்ணீரில் நின்றால் 6 மணி நேரம் எல்லாம் கிடையாது.'